பதினெட்டு கிலோ அரிசி

அத்தியாயம் 11

போன வாரம் வட்டி மாமா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று ஒரு தேதியைச் சொல்லிவிட்டுப் போனார் அல்லவா? அந்தத் தேதி இன்று விடிந்துவிட்டது.

நடுவில் ஒன்றிரண்டு வாரம் விட்டவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குட்டி வெளிநாட்டில் மேல்படிப்பு படிக்கிறாள். போய் ஏழு மாதம். இரண்டாம் வருடக் கட்டணத்துக்கு வங்கியில் கடன் கேட்டிருக்கிறார்கள். இன்று மாலை நாலு மணிக்குள் அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். அவருடைய டிரைவிங் ஸ்கூலின் இரண்டு கார்களும் அடமானம். கையெழுத்து விழாவிட்டால் குட்டியின் இடம் போய்விடும். பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டியதுதான்.

அந்தக் கடன் பிரிவில்தான் அம்மாவின் தம்பி வேலை பார்க்கிறார். வீட்டிலும் வங்கியிலும் அவருக்கு வட்டி மாமா என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவருக்கு அதில் வருத்தமும் கிடையாது.

கடனோடு ஒரு காகிதம் கேட்டிருந்தார்கள். பிள்ளை அங்கே மாதம் என்ன செலவு செய்கிறாள் என்ற பட்டியல், ரசீதுகளோடு. ‘காலையில் பாடத்துக்குப் போகும் முன் அனுப்பிவிடு’ என்று மாமா நாலு முறை நினைவுபடுத்தியிருந்தார்.

குட்டி அனுப்பினாள். வினை அங்கிருந்துதான் ஆரம்பம்.

*

காலை பத்து மணி. பிரதான சாலையில் அப்பா ஒரு பெண்மணிக்கு மூன்றாவது கியர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். இருபது வருடமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்தே வாழ்க்கையை ஓட்டியவர். வீட்டில் சோபாவில் உட்கார்ந்து யாராவது கெட்ட செய்தி சொன்னாலும் வலது கால் தானாகத் தரையை அழுத்தும்.

போன் அடித்தது. மாமா.

“அத்தான், வண்டியை ஓரங்கட்டச் சொல்லுங்க.”

“விஷயத்தைச் சொல்லு மச்சான்.”

“குட்டி ரசீது அனுப்பியிருக்கா. பதினெட்டு கிலோ அரிசி. ஒன்பது கிலோ வெங்காயம். ஏழு கிலோ சொச்சம் பருப்பு. ரெண்டு லிட்டர் எழுநூறு மில்லி எண்ணெய். மொத்த வியாபாரக் கடை ரசீது அத்தான். இது ஒரு பொண்ணு சாப்பிடற சாப்பாடா? ஓட்டல் சரக்கு!”

கார் நடுச்சாலையில் கிறீச்சென்று நின்றது. பின்னால் நாலு வண்டி ஹாரன் அடித்தது.

“சார், நான் ஒண்ணுமே பண்ணலையே!” என்றார் அந்தப் பெண்மணி, அழாத குறையாக.

“நீங்க பண்ணலம்மா. நான்தான்.”

அப்பா இவ்வளவு பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. டிரைவிங் ஸ்கூலுக்கு எதிரே கண்ணாடிக் கடை. ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்களைப் பார்வை சோதனைக்கு அப்பா அங்கேதான் அனுப்புவார். அந்தக் கடைக்காரரின் மகன் குட்டி போன அதே ஊருக்கு, அவளுக்கு ஒரு வருடம் முன்னால் படிக்கப் போனவன். பணம் போதாமல் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலைக்குச் சேர்ந்தான், பாதிப் படிப்பில் நின்றான், எட்டு மாதமாக வீட்டுக்குப் போன் கூடச் செய்யவில்லை. அந்த மனிதர் இப்போது கண்ணாடித் துண்டைத் துடைத்தபடியே இருக்கிறார். துடைத்து முடித்ததை மறுபடி துடைக்கிறார்.

அப்பா குட்டிக்குப் போன் செய்தார். எடுக்கவில்லை. அவள் ஊர்க் கடிகாரம் நமக்கு நாலு மணி நேரம் முன்னால் ஓடும். அங்கே பிற்பகல் இரண்டு. ஆய்வுக்கூடத்துக்குள் போனால் ஏழு மணி வரை போன் வெளியே பெட்டியில். நமக்கு மாலை மூன்று மணி வரை அவள் கிடைக்க மாட்டாள்.

இந்த விவரம் அப்பாவுக்கும் தெரியும். இருந்தாலும் பதினாறு முறை அடித்தார். பிறகு அம்மாவை அழைத்தார்.

“நான் கையெழுத்துப் போடல.”

“என்னங்க சொல்றீங்க?”

“நேர்ல வரேன்.”

*

அம்மா வேலை செய்வது ஒரு தொழிற்பயிற்சி விடுதியில். நூற்று அறுபது பேர் தங்கிப் படிக்கிறார்கள். சனி, ஞாயிறு ஊருக்குப் போய்விடுவார்கள். வாரத்தில் ஐந்து நாள், யார் எவ்வளவு சாப்பிடுவார்கள், எதை எத்தனை கிலோ எடுக்க வேண்டும் என்று பட்டியல் போட்டுச் சரக்கை அளந்து கொடுப்பது அம்மாவின் பொறுப்பு. அந்தப் பட்டியலுக்கு இண்டென்ட் என்று பெயர். அம்மாவுக்கு ஸ்டோரம்மா என்று பெயர்.

குட்டி கிளம்புவதற்கு முன்னால் வெளிநாட்டுச் செலவுக்கு அப்பா, அம்மா, மாமா மூவரும் உட்கார்ந்து பட்ஜெட் போட்டார்கள். வாடகை, பஸ், போன், புத்தகம், சலவை எல்லாம் மாமா. சாப்பாட்டுக்கு மட்டும், “இதுல என்னை யாரும் கேள்வி கேக்க முடியாது” என்று அம்மா பென்சிலை வாங்கிக்கொண்டாள். விடுதியின் ஒரு மாதச் சரக்குச் செலவை எடுத்தாள். நூற்று அறுபதால் வகுத்தாள். வெளிநாடாயிற்றே என்று இரண்டால் பெருக்கினாள். “தாராளம்!” என்றாள். அந்தத் தாராளம்தான் குட்டியின் மாதச் சாப்பாட்டுப் பணம்.

இரண்டரை மணிக்கு அப்பாவும் மாமாவும் ஸ்டோருக்குள் நுழைந்தபோது அம்மா உருளைக்கிழங்கு எடை போட்டுக்கொண்டிருந்தாள்.

“பாரு உன் பொண்ணு லட்சணத்தை” என்று அப்பா போனை நீட்டினார். நல்ல பேர் வாங்கினால் ‘என் பொண்ணு’. மற்ற நாட்களில் ‘உன் பொண்ணு’. எல்லா வீட்டிலும் உள்ளதுதான்.

“ஓட்டல் வேலை அக்கா” என்றார் மாமா. “படிப்பு அம்பேல். எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்.”

“எப்பவே?”

“இப்பத்தான்.”

அப்பா அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது. “வேலை செய்யறது தப்புன்னு நான் சொல்லல. பாத்திரம் கழுவட்டும், தரை துடைக்கட்டும், எனக்கு ஒரு கௌரவமும் குறையாது. சொல்லாம செய்யறா பாரு, அதுதான் தாங்கல. வாரா வாரம் பேசறா. ‘சாப்பிட்டேன்பா, படிச்சேன்பா’ங்கறா. எதிர்க்கடைப் பையனும் அப்படித்தான் சொல்லிட்டிருந்தான். அவ திரும்பி வந்துடட்டும். கார் ரெண்டையும் நினைச்சுச் சொல்லல, பொண்ணு காணாமப் போயிடக் கூடாது.”

அம்மா ரசீதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் கவலையோடு பார்த்தாள். பிறகு புருவத்தைச் சுருக்கிப் பார்த்தாள். பிறகு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தாள்.

“தம்பி, நீ கடைக்குப் போனா அரிசி எத்தனை கிலோ வாங்குவ?”

“அஞ்சு... இல்லாட்டிப் பத்து.”

“ஓட்டல்காரன்?”

“மூட்டை மூட்டையா.”

“பதினெட்டு கிலோ யாரு வாங்குவா?”

மாமா மறுபடி ரசீதை எட்டிப் பார்த்தார்.

“அளந்து இண்டென்ட் போடறவதான் பதினெட்டு வாங்குவா. பருப்பைப் பாரு, ஏழு கிலோ இருநூறு கிராம். அந்த இருநூறு கிராமை எந்த ஓட்டல்காரன் கணக்குப் பார்க்கறான்?” அம்மாவின் குரல் ஏறியது. “ஒரு ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு அரிசி நூறு கிராம். பருப்பு நாப்பது. வெங்காயம் அம்பது. எண்ணெய் பதினஞ்சு மில்லி. இது என் அளவுங்க! பதினெட்டு வருஷமா இந்தச் சுவத்துல ஒட்டியிருக்கற அளவு. பள்ளிக்கூடம் விட்டு வந்து இதே மூட்டைமேல உக்காந்து இதைப் பார்த்துத்தான் அவ வாய்ப்பாடு படிச்சா.”

அப்பா மூட்டையிலிருந்து எழுந்து சுவரைப் பார்த்தார்.

அம்மா உருளைக்கிழங்குச் சாக்கின் மேலேயே எழுதினாள். “பதினெட்டு கிலோன்னா நூத்தி எண்பது சாப்பாடு. வாரத்துக்கு அஞ்சு ராத்திரி, மாசம் இருபது. அப்போ ஒன்பது பேர். பருப்புலயும் ஒன்பது. வெங்காயத்துலயும் ஒன்பது.” நிமிர்ந்தாள். “ஓட்டலும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒன்பது பேருக்கு ராத்திரிச் சாப்பாடு போடறா.”

“எந்த ஒன்பது பேரு?” என்றார் அப்பா. கால் தரையை அழுத்தியது.

*

மூன்று இருபதுக்குக் குட்டியே அழைத்தாள். பதினாறு தவறிய அழைப்பைப் பார்த்தால் யார்தான் பதறமாட்டார்கள்!

“அப்பாவுக்கு என்ன? யாருக்கு என்ன?”

“எங்களுக்கு ஒண்ணும் இல்ல. உனக்கு என்ன?” என்றார் அப்பா.

அவள் போனை எதன்மீதோ சாய்த்து வைத்தாள். நீளமான பொதுச் சமையலறை. ஒரு மேஜை. சுற்றிலும் வெவ்வேறு தேசத்து முகங்கள். ஒருத்தி வெங்காயம் நறுக்கினாள், ஒருவன் தட்டு அடுக்கினான், ஒருவன் பாடப்புத்தகத்தைப் பானைமூடிமேல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தான்.

மாமா முந்திக்கொண்டார். “குட்டி, நேரடியாக் கேக்கறேன். நீ படிக்கறியா, ஓட்டல் நடத்தறியா?”

“மாமா, நான் அஞ்சு படம் அனுப்பினேனே, முழுசாப் பார்த்தீங்களா?”

“முதல் படத்துலயே எனக்குப் படபடப்பு வந்துடுச்சு.”

“மூணாவதைப் பாருங்க.”

மாமா தள்ளினார். மதிப்பெண் பட்டியல். மாமா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒருமுறை படித்தார், அப்பாவிடம் போனைக் கொடுத்தார், பிறகு வெகு சிரத்தையாகத் தராசின் முள்ளை ஆராயத் தொடங்கினார்.

“வகுப்புல மூணாவதாடி?” என்றார் அப்பா.

“ரெண்டாவதா வந்திருப்பேன்பா. அந்த வாரம் உருளைக்கிழங்கு இறக்கற முறை என்னுது.”

“சரி, இதெல்லாம் என்ன?”

குட்டி கொஞ்சம் தயங்கினாள். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாள். “அம்மா கணக்குப் பேப்பர்ல நல்லாத்தான் இருந்துது. இங்க வந்து ஒரு ஆளுக்கு மாசத்துக்கு முந்நூறு மில்லி எண்ணெய் கேட்டா எவன்மா ஊத்தித் தருவான்? சின்னப் பாட்டிலே ஒரு லிட்டர். முழு முட்டைக்கோஸ் வாங்கினா முக்கால்வாசி அழுகுது. மூட்டை விலைக்குப் போட்ட கணக்கு, பொட்டலத்துக்குக் கட்டுமா? முதல் ரெண்டு மாசம் இருபதாம் தேதிக்கு மேல பிரெட்டும் வாழைப்பழமும்தான்.”

அம்மா பென்சிலைக் கீழே வைத்தாள்.

“ஏன்டி சொல்லல?” என்றாள் அம்மா. கண் நிறைந்துவிட்டது. “நூத்தி அறுபது பேருக்கு ஒருவேளை தவறாம போட்டவ, பெத்த பொண்ணைப் பட்டினி போட்டிருக்கேன். வகுத்துட்டு வேற ‘தாராளம்’னேன்!”

“இதுக்குத்தான் சொல்லல. சொன்னா நீ தூங்க மாட்ட. அப்பா ஒரு காரை வித்துடுவாரு.” குட்டி போனுக்குப் பக்கத்தில் வந்தாள். “அழாதம்மா. உன் கணக்குல தப்பே இல்ல. ஆளுதான் பத்தல. அதனால ஆளைச் சேர்த்தேன். எங்க மாடியில என்னோட சேர்த்து எட்டு பேரு. எட்டு பேருமே மாசக் கடைசியில பிரெட்டுதான் தின்னுட்டிருந்தோம். உன் இண்டென்ட்டை எழுதிச் சுவத்துல ஒட்டினேன். மொத்தக் கடையில வாங்கி எட்டால வகுத்தோம். முறை வச்சுச் சமைக்கறோம். இப்ப உன் ‘தாராளத்துல’ மாசம் இருபத்திரெண்டு மிச்சம் பிடிக்கறேன்.”

மாமா மனசுக்குள் இருபத்திரண்டை நம் பணத்துக்குப் பெருக்கினார். அவர் முகம் மலர்ந்தது.

“இதையாவது சொல்லியிருக்கலாமே” என்றார் அப்பா.

“‘படிக்கற வயசுல கரண்டியைத் தொட்டா காலை உடைப்பேன்’னு விமான நிலையத்துல வச்சுச் சொன்னது யாரு?”

அப்பா அந்தக் கேள்வியை அப்படியே சாலையோரம் விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். “எட்டு பேருன்ற. உங்கம்மா அரிசியை வச்சு ஒன்பதுன்றா. ஒன்பதாவது ஆள் யாரு?”

குட்டி அம்மாவைப் பார்த்துத்தான் பேசினாள். “அம்மா, நீ நூத்தி அறுபது பேருக்கு எப்பவும் நூத்தி அறுபத்தொண்ணுன்னுதானே எழுதுவ? சொல்லாம யாராவது பசியோட வந்து நிப்பாங்கன்னு. சின்ன வயசுலேர்ந்து பார்த்திருக்கேன். அதனால நானும் ஒண்ணு கூட்டிப் போட்டேன். அந்தத் தட்டுக் காசை எட்டு பேரும் பங்கு போட்டுக்கறோம்.”

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “அசடே, அது யாரோ வருவாங்கன்னு போட்டது இல்ல. அது நீ. சாயங்காலம் நீ இங்கதானே கிடந்த? உனக்குச் சோறு வேணுமேன்னு ஒண்ணு சேர்த்து எழுதினேன். மாசம் பொறந்தா ஒரு ஆள் காசை ஆபீஸ்ல கட்டிட்டுத்தான் எழுதினேன். ரசீது இருக்கு.”

இதைக் குட்டி எதிர்பார்க்கவில்லை. கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

மாமாவின் மூளை மட்டும் வேறு பாதையில் போனது. “இரு அக்கா. குட்டி போய் ஏழு மாசம் ஆச்சு. இப்பவும் நூத்தி அறுபத்தொண்ணா எழுதற?”

அம்மா தராசைத் துடைத்தாள். “கைப் பழக்கம்.”

“காசும் கட்டறியா?”

“கட்டாம?”

“யாரு சாப்பிடறாங்க?”

“வாட்ச்மேன். பாவம், ராத்திரி முழுக்க முழிச்சிருக்காரு.”

“இது வீட்டு பட்ஜெட்ல எந்தத் தலைப்புல வருது?” என்று மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். அப்பா சிரித்துவிட்டார். காலையிலிருந்து முதல் சிரிப்பு. அந்தப் பக்கம் ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் மற்ற ஏழு பேரும் குட்டியோடு சேர்ந்து சிரித்தார்கள்.

“அந்த ஒன்பதாவது தட்டு அங்க வீணாகுமே?” என்றாள் அம்மா, தொழில் புத்தியில்.

“ஒரு நாள்கூட மீந்தது இல்லம்மா. யாராவது ஒருத்தர் வந்துடறாங்க.”

சொல்லி வாய் மூடவில்லை, அவள் பக்கம் அழைப்பு மணி அடித்தது. ஒருத்தி கதவைத் திறக்கப் போனாள். குட்டி திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு நின்று, முகம் சட்டென்று மாறியது.

“அப்பா, நான் அப்புறம் பேசறேன். சாப்பாடு போடணும்.”

“யாரு குட்டி?”

“நீங்க முதல்ல கையெழுத்தைப் போடுங்க.” திரை இருண்டது.

“அத்தான், மணி மூணு நாப்பத்தி ரெண்டு!” மாமா படிவத்தை விரித்தார். அப்பா அதை அரிசி மூட்டைமேல் வைத்து மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டார். மை காய்வதற்குள் மாமா அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். அந்தத் தொந்தியோடு அவர் அப்படி ஓடியதை விடுதிச் சமையல்காரர்கள் இன்னும் ஒரு வாரம் பேசுவார்கள்.

அப்பா வாசல்வரை போய்த் திரும்பி வந்தார்.

“அந்த நூத்தி அறுபத்தொண்ணை நிறுத்திடாதே” என்றார் அம்மாவிடம்.

*

நாலு மணிக்கு மாமாவின் செய்தி: ‘சீல் விழுந்தது. மூணு அம்பத்தெட்டு.’

அப்பா டிரைவிங் ஸ்கூல் வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அடமானம் போன கார் என்று ஒரு கவலையும் இல்லை. விசிலடித்தார். ‘வகுப்புல மூணாவது’ என்று இதுவரை இரண்டு மாணவர்களுக்கும் ஒரு டீக்கடைக்காரருக்கும் சொல்லியாகிவிட்டது.

போன் அதிர்ந்தது. குட்டி ஒரு படம் அனுப்பியிருந்தாள். மேஜையில் ஒன்பது தட்டு. சுற்றிலும் எட்டுச் சிரித்த முகங்கள். கோடியில் ஒன்பதாவதாக ஒருவன், இளைத்து, தாடி வளர்த்து, கேமராவைப் பார்க்காமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். சோற்றைப் பிசைந்த கை பாதியில் நின்றிருந்தது.

முகம் அப்பாவுக்குப் பிடிபடவில்லை. கண்ணாடி பிடிபட்டது. தடித்த பச்சை ஓரம் வைத்த கண்ணாடி. அந்த ஓரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அப்பாவும் கூட இருந்தார். “வெளிநாட்டுல நம்ம கடைச் சரக்கு பளிச்னு தெரியணும் வாத்தியாரே” என்று சொல்லி, எதிர்க்கடைக்காரர் தன் கையால் மகனுக்குப் பொருத்திக்கொடுத்த கண்ணாடி.

அப்பா போனைப் பிடித்தபடி சாலையில் இறங்கினார். இருபது வருடமாக ஊருக்கே ‘வலது பார், இடது பார்’ என்று சொல்லிக்கொடுத்தவர் இரண்டு பக்கமும் பார்க்கவில்லை.

நடுச்சாலையில் போன் மறுபடி அதிர்ந்தது.

‘அப்பா, இன்னைக்கு ஒன்பதாவது ஆள் யாருன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். மூணு நாளாச் சாப்பிடலையாம். ஒரே ஒரு சத்தியம் வாங்கிட்டுத்தான் தட்டுல கை வச்சாரு. அவங்க அப்பாவுக்குத் தெரியக் கூடாது.’

ஹாரன்கள் அலறின. ஒரு லாரிக்காரர் தலையை நீட்டித் திட்டினார். அப்பாவின் வலது கால் தார்ச்சாலையை அழுத்தியபடி அப்படியே நின்றது.

கண்ணாடிக் கடைக்காரர் துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வந்தார்.

“என்ன வாத்தியாரே, நடுரோட்டுல நின்னுட்டீங்க? குட்டி கிட்டேர்ந்து ஏதாவது சேதியா?”